எதிரொலியை மட்டும் வைத்து விலங்கு மிதவை உயிரியின் இனத்தைச் சொல்ல முடியுமா?

கப்பலின் அடியிலிருந்து ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை மட்டும் வைத்துக் கீழே இருப்பது எந்த விலங்கு மிதவை உயிரி (நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சிறு விலங்கு) என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியுமென்றால், வலை இழுத்துப் பிடித்து நுண்ணோக்கியில் எண்ணும் வேலை இனி எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடல் உயிரியல் முதுகலை படிப்பதாகவும் ஆய்வேட்டுக்கு இதை எடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஓர் எதிரொலிக்குள் அந்த உயிரியைப் பற்றிய எந்தத் தகவல் இருக்கிறது, எது இல்லவே இல்லை? இதற்கு விடை கிடைத்தால் வலை வேண்டுமா என்பதும் தெளிந்துவிடும். நான் பல ஆண்டுகளாகக் கடல் ஒலியியல் தரவுகளோடு வேலை செய்பவன். வகைப்பாட்டியலில் எனக்குப் பயிற்சி கிடையாது. வலையில் வந்ததைப் பிரித்துப் பெயர் சொல்வது எப்போதும் கூட வேலை செய்த உயிரியலாளர்கள்தான். அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், இனத்தின் பெயரை எதிரொலி மட்டும் தருவதில்லை. உடல் எந்த வகையானது, ஏறத்தாழ எவ்வளவு பெரியது, எந்த ஆழத்தில் எப்போது இருக்கிறது என்ற மூன்றையும் நன்றாகவே தருகிறது. ஓர் இடத்தில் அந்த உடல்வகையும் அந்த அளவும் கொண்ட உயிரி ஒன்றே ஒன்றுதான் அதிகம் என்று வேறு வழியில் ஏற்கெனவே தெரிந்திருந்தால், அப்போது இனத்தையும் சொல்லிவிடலாம். தென்முனைக் கடலில் திரளாக வாழும், இறால் போன்ற அண்டார்க்டிக் கிரில் விஷயத்தில் நடப்பது இதுதான். அதனால்தான் இந்தத் துறையின் பாதிச் செய்திகள் கிரில்லைப் பற்றியே இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு எல்லாக் கடலிலும் எல்லா உயிரிக்கும் இது முடியும் என்று நினைத்துவிடுகிறோம்.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். இந்த உயிரிகள் எழுப்பும் சத்தத்தை நாம் கேட்பதில்லை. திமிங்கலங்களை அப்படிக் கேட்கிறோம், இங்கே அப்படியல்ல. நாமே ஒலித் துடிப்பை அனுப்புகிறோம், அது உயிரிகளின் மேல் பட்டுச் சிதறுகிறது, அதில் ஒரு சிறு பங்கு வந்த திசையிலேயே திரும்புகிறது. அடர்த்தியோ ஒலியின் வேகமோ மாறும் இடத்தில்தான் சிதறல் நடக்கும். மிதவை உயிரியின் உடல் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் அந்த மாற்றம் மிகச் சிறியது. அண்டார்க்டிக் கிரில்லுக்கு ஒலியியல் ஆய்வாளர் கென்னத் ஃபூட் 1990-இல் வெளியிட்ட அளவுகளின்படி, அதன் உடல் சுற்றியுள்ள கடல்நீரைவிட 3.57 சதவீதம் அடர்த்தி கூடியது, அதற்குள் ஒலி 2.79 சதவீதம் வேகமாகச் செல்லும். இந்த இரண்டு எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டால், அப்படிப்பட்ட பொருளின் தட்டையான பரப்பில் விழும் ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் திரும்பும். மீதி முழுவதும் ஊடுருவிப் போய்விடும். அதே இடத்தில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் நிலைமை தலைகீழ். நீருக்கும் வாயுவுக்கும் இடையிலான எல்லை, விழும் ஆற்றலை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பிவிடும்.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் மூன்று உடல்வகைகள் வருகின்றன. கிரில், இறாலின் உறவான நுண்ணிய கோப்பிபாட், அதைவிடச் சற்றே பெரிய ஆம்பிபாட், கூழ் போன்ற உடலுள்ள சால்ப், நம் கடற்கரையில் கூனிப்பொடியாக விற்கும் சிற்றிறால் எல்லாம் நீரை ஒத்த உடல் கொண்டவை. கடினமான ஓடு உள்ளவை இரண்டாவது வகை. லிமாசினா போன்ற, நீந்தித் திரியும் நத்தைகள் இதில் வரும். வாயு நிறைந்த பையைத் தாங்கும், ஜெல்லிமீனின் உறவான சைஃபனோஃபோர்கள் மூன்றாவது வகை. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் டிம் ஸ்டான்டன், பீட்டர் வீபி, டெசாங் சூ முதலியோர் 1990-களில் இதை முறையாக நிறுவினார்கள். பிடித்த உயிரியை உயிரோடு தொட்டியில் தனியாகக் கட்டி நிறுத்தி, அதன் மேல் ஒலியைச் செலுத்தி, ஒவ்வொரு வகையும் எப்படித் திருப்புகிறது என்று அளந்தார்கள். கணினி மாதிரிகளை மட்டும் நம்பாமல் உயிரியையே அளந்ததால்தான் இந்தப் பிரிவினை இன்றுவரை நிற்கிறது. இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியாக நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அளவீடுகளில் என்னை மிகவும் பாதித்த முடிவு ஒன்று உண்டு. ஒரே எடையுள்ள உயிர்ப்பொருள் எவ்வளவு எதிரொலி தருகிறது என்று வகைவாரியாக ஒப்பிட்டபோது, ஓட்டு நத்தைகளுக்கும் சால்ப்புகளுக்கும் இடையே ஏறத்தாழ 19,000 மடங்கு வேறுபாடு இருந்தது. இதன் பொருள் என்ன என்று சற்று யோசித்துப் பாருங்கள். திரையில் அடர்ந்து தெரியும் ஓர் அடுக்கு கைப்பிடியளவு நத்தைகளாக இருக்கலாம். வெறுமையாகத் தெரியும் நீர் டன் கணக்கில் சால்ப்புகளால் நிறைந்திருக்கலாம். எதிரொலி வலுவாக இருக்கிறது, ஆகவே உயிர்ப்பொருள் அதிகம் என்று எழுதும் கட்டுரைகளை இன்றும் பார்க்கிறேன். வகையைப் பிரிக்காமல் அப்படி எழுதக் கூடாது. அடையாளம் காண்பது இந்தத் துறையில் ஓர் அலங்காரமல்ல, அது இல்லாமல் அளவைச் சொல்லவே முடியாது.

அடுத்து அளவு. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. ஆகவே 38 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 4 செ.மீ., 120 கிலோஹெர்ட்ஸுக்கு 1.25 செ.மீ., 200 கிலோஹெர்ட்ஸுக்கு 7.5 மி.மீ. உயிரி அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரை, திரும்பும் ஆற்றல் அதிர்வெண்ணின் நான்காம் அடுக்குக்கும், உடல் அளவின் ஆறாம் அடுக்குக்கும் ஏற்ப ஏறுகிறது. அதாவது, 2 மி.மீ. கோப்பிபாட் ஒன்று தருவது 1 மி.மீ. கோப்பிபாட்கள் 64 சேர்ந்து தரும் எதிரொலி. ஆனால் அதன் எடை எட்டு மடங்குதான். உயிரியின் அளவு அலைநீளத்தை நெருங்கியதும் இந்த ஏற்றம் நின்றுவிடுகிறது. உடலின் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் வரும் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடியும் குறைத்தும், வலிமை மேலும் கீழுமாக அலையத் தொடங்குகிறது. ஏற்றம் எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்று பார்த்தால் உயிரியின் அளவு தெரியும். அதனால்தான் ஒரே அதிர்வெண்ணில் எடுத்த தரவை வைத்து அடையாளம் பேசுவதில் பயனில்லை. குறைந்தது இரண்டு வேண்டும், நான்கைந்து இருந்தால் நல்லது.

கிரில் கணக்கெடுப்பில் இது எப்படிப் பயன்படுகிறது என்று பாருங்கள். 38-லிருந்து 120 கிலோஹெர்ட்ஸுக்குப் போகும்போது அதிர்வெண் 3.16 மடங்காகிறது. நான்காம் அடுக்கு எடுத்தால் சுமார் 100 மடங்கு, அதாவது 20 டெசிபெல். சில மில்லிமீட்டர் அளவுள்ள சிற்றுயிரிகளின் எதிரொலி 120-இல் 38-ஐவிட இந்த அளவுக்கு வலுத்திருக்கும். காற்றுப்பை உள்ள மீனுக்கு அப்படி ஏற்றமே இருக்காது. 4, 5 செ.மீ. நீளமுள்ள கிரில் இடையில் விழுகிறது. ஆகவே 120-இன் அளவிலிருந்து 38-இன் அளவைக் கழித்து, வேறுபாடு 2 முதல் 16 டெசிபெல்லுக்குள் இருந்தால் அதைக் கிரில் என்று எடுத்துக்கொள்வது அண்டார்க்டிக் கடல் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கெடுப்பில் வழக்கமாக இருந்தது. பிற்பாடு வலையில் கிடைத்த கிரில்லின் நீளத்துக்கு ஏற்ப இந்த எல்லைகளைக் குறுக்கிக்கொண்டார்கள். எளிய முறைதான், நன்றாக வேலையும் செய்கிறது. ஆனால் அந்த வடிகட்டியில் கிரில் என்ற பெயர் எங்கேயும் எழுதியில்லை. அதே அளவுள்ள வேறு கிரில் இனங்களும் ஆம்பிபாட்களும் அந்த எல்லைக்குள் வரும். தென் ஜார்ஜியா தீவைச் சுற்றி வாழும் பனிமீனுக்குக் காற்றுப்பை கிடையாது, அதனால் அதுவும் கிரில்லோடு குழம்பும். அங்கே நாம் துணிந்து கிரில் என்று சொல்வதற்குக் காரணம் ஒலியியல் மட்டுமல்ல. பல தலைமுறை ஆய்வாளர்கள் அந்த நீரில் வலை இழுத்து, அங்கே திரளாக இருப்பது யூஃபாசியா சூப்பர்பா, அதாவது அண்டார்க்டிக் கிரில், என்று காட்டிவிட்டார்கள்.

இந்த முறையின் வலிமையும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமானால் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் படியுங்கள். அந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ரஷ்யா, பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் நான்கு கப்பல்கள் தென்முனைப் பகுதியின் ஸ்கோஷியா கடலிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வரிவரியாக ஓடி, 38, 120, 200 கிலோஹெர்ட்ஸ்களில் அளந்தன. முதலில் கிடைத்த விடை 4.43 கோடி டன் கிரில். அதன்பின் ஒரு கிரில் எவ்வளவு ஒலியைத் திருப்பும் என்பதற்கு, அதன் உடலை வளைந்த உருளைகளின் தொடராகக் கருதும் புதிய இயற்பியல் மாதிரி வந்தது. அதை வைத்து மறுபடி கணக்கிட்டபோது 2007-இல் 3.729 கோடி டன் ஆனது. கிரில் எந்தச் சாய்வில் நீந்துகிறது என்பது உள்ளிட்ட அனுமானங்களைத் திருத்தி, மாதிரியை முழுமையாகப் பயன்படுத்தியபோது 2010-இல் 6.03 கோடி டன் ஆனது. மூன்று முறையும் எதிரொலிகள் அதே 2000-இல் பதிவானவைதான். அந்த வேறுபாடு முழுவதும் ஓர் உயிரியின் எதிரொலியை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதில் இருந்தது.

இதில் எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துச் சொல்கிறேன். தண்ணீரிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பியது என்பது உறுதி. கப்பலுக்கு அடியில் டங்ஸ்டன் கார்பைடு உருண்டை ஒன்றை, வழக்கமாக 38.1 மி.மீ. விட்டமுள்ளதை, நூலில் தொங்கவிட்டுக் கருவியைச் சரிபார்க்கிறோம். அதன் எதிரொலி எவ்வளவு என்று கணக்கில் முன்பே தெரியும் என்பதால் கருவியின் பிழை மிகச் சிறிதாகிவிடுகிறது. அந்த ஆற்றலை உயிரிகளின் எண்ணிக்கையாக மாற்றும் படியில்தான் ஐயம் நுழைகிறது. கிரில் கிடைமட்டமாக நீந்தினால் மேலிருந்து வரும் ஒலிக்கு முதுகு முழுவதையும் காட்டும், தலையை உயர்த்தினால் எதிரொலி பல மடங்கு குறையும். தொட்டியில் நீந்தும் சாய்வு கடலிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. உடலின் அடர்த்தியும் பருவத்துக்கும் கொழுப்புக்கும் முட்டைக்கும் ஏற்ப மாறும். நீருக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடே மூன்று நான்கு சதவீதம் என்னும்போது, அதில் ஒரு சதவீதம் பிசகினாலும் விடை பெரிதாக நகர்ந்துவிடும். இந்த எண்களுக்குப் பின்னால் மீன்பிடி வரம்பு இருக்கிறது. 6.03 கோடி டன்னிலிருந்துதான் 56.1 லட்சம் டன் என்ற எச்சரிக்கை வரம்பு வந்தது. நடைமுறையில் பிடிப்பை 6.2 லட்சம் டன்னில் நிறுத்தும் ஏற்பாட்டை ஆணையம் வைத்திருந்ததை நான் மிகச் சரியான முடிவு என்றே கருதுகிறேன், ஏனெனில் திமிங்கலமும் பெங்குவினும் எங்கே மேய்கின்றன என்பதை மொத்த டன் கணக்கு சொல்வதில்லை. 2019-இல் மீண்டும் பல கப்பல்கள் சேர்ந்து அதே பகுதியை அளந்தபோது 6.26 கோடி டன் வந்தது. பொதுவான மாதிரி ஒன்றை ஒட்டிய இரண்டு எண்கள் அருகருகே இருப்பது ஆறுதல்தான். ஆனால் மாதிரியில் பிழை இருந்தால் அது இரண்டிலும் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

வாயு உள்ள உயிரிகள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இந்தத் துறையின் தொடக்கமே சான்று. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், சான் டியேகோ கரைக்கு அப்பால் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் ஒலி ஆய்வில் இருந்த ஐரிங், கிறிஸ்டென்சன், ரெயிட் ஆகியோர் சில நூறு மீட்டர் ஆழத்தில், தரை இல்லாத இடத்தில், தரை போன்ற ஓர் அடுக்கிலிருந்து எதிரொலி வருவதைக் கண்டார்கள். 1945-இல் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் மார்ட்டின் ஜான்சன் அந்த அடுக்கு பொழுது சாயும்போது மேலே ஏறி, விடியும்போது இறங்குகிறது என்று காட்டினார். ஏறி இறங்குவது உயிராகத்தான் இருக்க வேண்டும் என்ற அளவுக்கு அது உறுதியானது. எந்த உயிர் என்பதற்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. திரியெஸ்த் ஆழ்கடல் கலத்தில் இறங்கி நேரில் பார்த்த எரிக் பர்ஹாம், அந்த அடுக்கில் வாயுப்பை தாங்கிய சைஃபனோஃபோர்கள் இருப்பதை 1963-இல் எழுதினார். இதன் இயற்பியல் அழகானது. 1 மி.மீ. ஆரமுள்ள குமிழி கடலின் மேற்பரப்பில் சுமார் 3 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும், அதாவது அந்த அதிர்வெண்ணில் மிக வலுவாக அதிரும். 400 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 41 மடங்காகும்போது அதே அளவுக் குமிழி 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிரும். அந்தக் காலச் சோனார்கள் ஏறத்தாழ அந்த எல்லையில்தான் ஒலித்தன. எனவே எண்ணிக்கையில் மிகக் குறைவான குமிழிகளே கடல்தரை அளவுக்கு எதிரொலி தர முடிந்தது. இன்றும் 18, 38 கிலோஹெர்ட்ஸில் ஓர் ஆழ்கடல் அடுக்கைப் பார்த்துவிட்டு மிதவை உயிரிகள் என்று எழுதிவிடாதீர்கள். அதில் பெரும்பங்கு விளக்குமீன்களின் காற்றுப்பையோ சைஃபனோஃபோர்களின் வாயுவோ ஆக இருக்க வாய்ப்பு அதிகம். கோப்பிபாட் அந்த அதிர்வெண்களில் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது.

அப்படியானால் அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்க ஆய்வாளர்கள் வான் ஹாலிடே, ரிக் பீப்பர் இருவரும் அதைத்தான் செய்தார்கள். 100 கிலோஹெர்ட்ஸ் முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை 21 அதிர்வெண்கள் கொண்ட கருவியை நீருக்குள் இறக்கி, ஒவ்வோர் ஆழத்திலும் எந்த அளவு உயிரி எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். கருத்தளவில் இதைவிட நல்ல வழி இல்லை. தடை இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, கடல்நீர் உயர்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். சில நூறு கிலோஹெர்ட்ஸ்வரை, நீரில் கரைந்துள்ள மக்னீசியம் சல்ஃபேட் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. கப்பலிலிருந்து 38 கிலோஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் ஆழம்வரை பார்க்கலாம், 120-இல் சுமார் 250 மீட்டர், 1 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் சில பத்து மீட்டர்தான். ஆகவே கருவியை உயிரிகள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டும், அப்போது அது பார்க்கும் நீரின் பரப்பு சுருங்கிவிடும். இரண்டாவது தடை கணக்கிலேயே இருக்கிறது. மளிகைக் கடை ரசீதின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து என்னென்ன சாமான் வாங்கினார்கள் என்று சொல்வது போன்றது இது. அதே தொகைக்குப் பல பட்டியல்கள் பொருந்தும். அதிர்வெண்கள் கூடக் கூடப் பொருந்தும் பட்டியல்கள் குறையும், ஆனால் ஒன்றே ஒன்றாகக் குறைவது அரிது. கணக்குக்குள் நாம் சேர்க்காத உயிரி கடலில் இருந்தால் கணினி அதைச் சொல்லாது, இருப்பவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துப் பொருத்திவிடும்.

உயிரே இல்லாமலும் எதிரொலி வரும். மேற்பரப்பை ஒட்டி அலை உடைந்து இறங்கும் குமிழிகள், ஆற்று முகத்துவாரங்களில் கலங்கிய வண்டல், வெப்பமும் உப்பும் வேறுபட்ட நீர்கள் கலக்கும் இடங்களில் உண்டாகும் நுண்கொந்தளிப்பு எல்லாம் ஒலியைச் சிதறடிக்கும். அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் உள்ளலைகள் (நீருக்கடியில், அடர்த்தி மாறும் இடத்தில் ஓடும் அலைகள்) கடந்தபோது பதிவான வலுவான எதிரொலிகளில் ஒரு பங்கு இந்தக் கொந்தளிப்பிலிருந்து வந்ததாக ஆய்வுகள் காட்டின. வங்காள விரிகுடாவின் வடக்கில் நன்னீரும் வண்டலும் வந்து விழும் பகுதியில் இதை நான் முதல் சந்தேகமாக வைப்பேன்.

வலை பற்றி. எதிரொலிக்கும் வலைக்கும் கணக்கு ஒத்துப்போகாதபோது வலைதான் சரி என்று உயிரியல் படித்தவர்கள் சொல்வது வழக்கம். அதுவும் சரியல்ல. கிரில்லும் பெரிய இறால்களும் வலை வருவதைக் கண்டு விலகும். சைஃபனோஃபோர் வலைக்குள் துண்டு துண்டாகிவிடும், சால்ப் கூழாகிவிடும், சின்னக் கோப்பிபாட்கள் கண்ணி வழியே வெளியேறும். வெவ்வேறு ஆழத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடும் மாக்னெஸ் வலை வந்தபிறகு எந்த ஆழத்தில் எது என்ற குழப்பம் தீர்ந்தது, விலகும் பிரச்சினை தீரவில்லை. அதனால்தான் வுட்ஸ் ஹோல் குழுவினர் பயோமேப்பர் என்ற இழுவைக் கருவியில் ஐந்து அதிர்வெண்களோடு நீரடிப் படக்கருவியையும் ஒன்றாகக் கட்டினார்கள். ஒலி பரப்பைக் காட்டும், படம் மென்மையான உயிரிகளைக் குலைக்காமல் காட்டும், வலை பெயரைத் தரும். மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் சொல்வதை முழுதாக நம்ப முடியாது என்பது என் நிலைப்பாடு.

கடந்த சில ஆண்டுகளில் வந்த அகலப்பட்டை எக்கோ சவுண்டர்கள் (ஒலியை அனுப்பி எதிரொலியைப் பதியும் கருவிகள்) இந்த நிலையை எவ்வளவு மாற்றும்? கணிசமாக மாற்றியிருக்கின்றன. ஒரே அதிர்வெண்ணில் அடிக்காமல், தாழ்விலிருந்து உயர்வுக்கு இழுத்து ஒலிப்பதால், தனித்தனிப் புள்ளிகளுக்குப் பதிலாகத் தொடர்ச்சியான ஒரு கோடு கிடைக்கிறது. எங்கே ஏற்றம் நிற்கிறது, எங்கே பள்ளம் விழுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு மில்லிவினாடித் துடிப்பு 75 செ.மீ.க்குள் இருப்பவற்றைப் பிரித்துக் காட்டாது. 100 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள துடிப்பு 1 செ.மீ.க்கும் குறைவான இடைவெளியைப் பிரிக்கும், அதனால் உயிரிகளைத் தனித்தனியே காண முடிகிறது. எனினும் கடலில் ஒரே இடத்தில் பல அளவுகளும் பல சாய்வுகளும் கலந்திருக்கும்போது அந்தக் கூரிய பள்ளங்கள் எல்லாம் மழுங்கிவிடும். இயந்திரக் கற்றலுக்கும் இதே கதி. தென் ஜார்ஜியாவில் கிரில்லையும் பனிமீனையும் பிரிக்க அது நன்றாகப் பயன்பட்டது, ஏனென்றால் என்னவென்று வலையால் உறுதி செய்த எதிரொலிகள் பயிற்சிக்கு இருந்தன. அங்கே பயிற்சி பெற்றதை அரபிக் கடலில் ஓட்டினால் வரும் விடைக்குப் பொருளில்லை.

நம் கடல்களுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் ஆய்வேடு இங்கேதான் நடக்கும். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் கோவா, கொல்லம், கன்னியாகுமரி முதலிய இடங்களுக்கு எதிரே கண்டச் சரிவிலும், கிழக்கில் கடலூர் போன்ற இடங்களுக்கு எதிரேயும், நீரோட்டத்தை அளக்கும் ஒலிக்கருவிகளை நங்கூரமிட்டு வைத்திருந்தது. இவை நீரோட்டத்துக்காக வைக்கப்பட்டவை. ஆனால் நீரில் மிதக்கும் உயிரிகளிலிருந்து வரும் எதிரொலியை நம்பித்தான் அவை வேலையே செய்கின்றன, ஆகவே அந்த எதிரொலியின் வலிமையும் பதிவாகிறது. 153 கிலோஹெர்ட்ஸ், அதாவது 1 செ.மீ. அலைநீளம். ஒரே அதிர்வெண் என்பதால் இதிலிருந்து வகையைப் பிரிக்க முடியாது. ஆனால் மாதக்கணக்கில், மணிக்கு மணி, இரவும் பகலும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேறு கருவி நம்மிடம் இல்லை. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதிலிருந்து அரபிக் கடலின் மிதவை உயிரிகள் பருவந்தோறும் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். இதே வகைக் கருவிகளால்தான், சூரியனே எழாத ஆர்க்டிக் இரவில் மிதவை உயிரிகள் 24.8 மணி நேர நிலவுச் சுழற்சியில் ஏறி இறங்குவது 2016-இல் தெரியவந்தது. நடத்தையும் ஓர் அடையாளம்தான். வினாடிக்கு எத்தனை செ.மீ. வேகத்தில் ஏறுகிறது, விடியலுக்கு எவ்வளவு முன்னால் இறங்குகிறது என்பதை வைத்து, இது கோப்பிபாட்டாக இருக்க முடியாது, இதைவிடப் பெரிய நீந்தும் உயிரி என்று விலக்க முடியும். வெப்பமண்டல இனங்களின் உடல் அடர்த்தியையும் ஒலிவேகத்தையும் அளந்த வேலை, குளிர்கடல் இனங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. யாராவது கூனி இறாலையும் நம் கோப்பிபாட்களையும் உட்கார்ந்து அளந்தால் இங்கே பல ஆய்வுகளின் அடித்தளமே வலுப்படும்.

மீன்பிடிப் படகில் இருக்கும் எக்கோ சவுண்டர் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பல படகுகளில் 50, 200 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் இருக்கின்றன. ஓர் அடுக்கு 200-இல் தெளிவாகவும் 50-இல் மங்கலாகவும் தெரிந்தால் காற்றில்லாத சின்ன உயிரிகள் என்று சந்தேகிக்கலாம், இரண்டிலும் ஒன்றாகவோ 50-இல் வலுவாகவோ தெரிந்தால் காற்றுப்பை உள்ள மீனாகப் பார்க்கலாம். அதற்கு மேல் போகாதீர்கள். இரண்டு கற்றைகளின் அகலமும் வேறு, திரையின் வண்ணம் கருவி தானாகக் கூட்டிக் குறைத்த அளவு, பெரும்பாலானவை மூலத் தரவைச் சேமிப்பதும் இல்லை.

ஆய்வேட்டுக்குத் தலைப்பாக இனங்களை ஒலியால் அடையாளம் காணல் என்று வைத்தால் இரண்டு ஆண்டுகளில் முடிக்க முடியாது. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், மாலையில் மேலே ஏறும் அடுக்கில் வாயு உள்ள உயிரிகளின் பங்கு எவ்வளவு, இல்லாதவற்றின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு அதிர்வெண்களும், ஆழம் பிரித்து இழுத்த சில வலைகளும் இருந்தால் அதற்கு நேர்மையான விடை கிடைக்கும். தரவைக் கேட்டு யாரை அணுகினாலும் முதலில் கருவியை உருண்டை வைத்துச் சரிபார்த்த பதிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் டெசிபெல் கழித்தலைத் தொடாமல், அடுக்கு ஏறும் நேரம், இறங்கும் நேரம், ஆழம் ஆகியவற்றோடு உங்கள் ஆய்வை நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றுக்குச் சரிபார்ப்புத் தேவையில்லை.